அரை மணியில் முடித்த பஞ்சாயத்து

கேள்வி: வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீதிமன்றச் சமரச மையத்தில் சமரசராகப் பணியாற்ற ஆசை. 40 மணி நேரப் பயிற்சிக்குப் போகுமுன் என்னென்ன பழகிக்கொள்ள வேண்டும்? உறவில் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உயில் எழுதாமல் காலமான அப்பாவின் வீடு விஷயமாகத் தம்பிக்கும் தங்கைக்கும் மனஸ்தாபம். போன மாதம் அரை மணியில் முடித்துவைத்தேன். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் தம்பி எங்கள் இருவர் பேருக்கும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதிவு மட்டும் பாக்கி.
— வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கை வாய் திறக்காததை உங்கள் சாமர்த்தியத்துக்கு அத்தாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

அவர் விட்டுக்கொடுத்த பங்கில் உங்களுக்கும் வருகிறதே, ஐயா! லாபம் உள்ளவர் சமரசம் பேச உட்காரவே கூடாது. இரு தரப்போடும் தமக்குள்ள உறவு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் முதலிலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். உயில் இல்லாத அப்பா சொத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த தடையையும் 2005இல் எடுத்துவிட்டார்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தங்கைக்கு எடுத்துச் சொன்னீர்களா? அப்பா இல்லாத வீட்டில் அதைச் சொல்ல வேண்டியது மூத்த அண்ணன்தானே!

முதலில் பழக வேண்டியது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது. மூன்று பேராக உட்காருங்கள். இருவர் ஒரு தகராறை நடிக்கட்டும். பத்து நிமிடம் நீங்கள் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும். செல்போனில் பதிவுசெய்து போட்டுக் கேளுங்கள். “நான் என்ன சொல்றேன்னா”, “விட்டுக்கொடுத்துப் போம்மா” என்று எத்தனை இடத்தில் நுழைந்தீர்கள் என்பது தெரியும். “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் எதிரே இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள், பேச்சு வரும். “என்னை ஏமாத்திட்டான்” என்று ஒருவர் வெடித்தால், “கணக்கு உங்களுக்குக் காட்டப்படவில்லை என்பது உங்கள் வருத்தம், சரியா?” என்று வசவை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள். அவர் “ஆமாம்” என்ற பிறகுதான் அடுத்த கேள்வி.

ஒருவர் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அங்கேதான் கூட்டு அமர்வை நிறுத்தித் தனி அமர்வுக்குப் போக வேண்டும். கணவர், அண்ணன், மாமியார் யாரும் அறையில் இருக்கக் கூடாது. “இங்கே பேசுவது வெளியே போகாது” என்று சொல்லிவிட்டு, “கையெழுத்துப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?” என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மௌனம் தாங்காமல் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் பங்கை எழுதிக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். அந்தப் பயம் வெளியே வராமல் எழுதப்படும் உடன்பாடு நிலைக்காது. அறையை விட்டு எழுமுன், “இதில் எதை அந்தப் பக்கம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்புக்கும் தனி அமர்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சதி என்று நினைப்பார்கள்.

உடன்பாடு எழுதும் முறையைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள்: யார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன.

பயிற்சிக்கு விண்ணப்பம் போடுமுன் ஒரு வேலை இருக்கிறது. பதிவாகாத விடுதலைப் பத்திரத்தால் வீட்டில் உள்ள பங்கு கைமாறாது. அதனால் பதிவை நிறுத்துங்கள். தங்கை வீட்டுக்கு நேரில் போய், அவருக்குள்ள பங்கு என்னவென்று சொல்லுங்கள். பேச்சுவார்த்தை வேண்டுமென்றால் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, உங்கள் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத சமரசரிடம் மூவரும் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். அந்த வக்கீலோடு தங்கை பேசும்போது நீங்கள் வெளியே இருங்கள்.