புதைபடிவ நிலத்தில் சுரங்கம்: கருத்துக்கேட்புக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் ஓடைக்கரையில் கடற்சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்) படிவங்கள் நிறைய உள்ளன. அந்த இடத்தையும் சேர்த்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் புதைபடிவங்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2022 டிசம்பரில் வந்த புவிப் பாரம்பரியத் தலங்கள் மசோதா வரைவாகவே நிற்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரத்துக்குக் கிடைத்த ‘தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்’ என்ற தகுதிக்குப் பின்னாலும் தண்டனைப் பிரிவு ஏதும் கிடையாது. இது பெரிய குறை. கோரிக்கையை வேறு சட்டங்களின் மேல்தான் கட்ட வேண்டும்.

சுரங்கத்தையே நிறுத்தச் சொல்லாதீர்கள். கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக்கல்லே பெரும்பாலும் சிப்பிப் படிவம்தான். ‘படிவம் இருக்கிறது’ என்பது மட்டும் அங்கே வாதமாகாது. அரிய அடுக்கு வெளியே தெரியும் பகுதியை சர்வே எண், பரப்பு, ஜிபிஎஸ் புள்ளிகளோடு குறித்து, அதைக் குத்தகையிலிருந்து விலக்கவும், சுற்றிலும் வெடி வைக்காத இடைவெளி விடவும் கேளுங்கள். படிவங்களைப் பெயர்த்தெடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. எடுத்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். புவியியல் பேராசிரியர் ஒருவரிடம் கையொப்பமிட்ட குறிப்பு வாங்குங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அதற்குள் ஆட்சியர் அலுவலகத்தில் வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படியுங்கள். படிவங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதுவே உங்கள் வலுவான ஆட்சேபம்: வேண்டுமென்றே தகவலை மறைத்திருந்தால் சுற்றுச்சூழல் அனுமதியை மறுக்கவோ ரத்து செய்யவோ 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 8-ஆம் பத்தி இடம் தருகிறது. எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே கேளுங்கள். ஏறாத பேச்சு பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் உதவாது.

கூடவே கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்புங்கள். பல்லுயிர்ச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். அதற்கான தேசிய வழிகாட்டுதலில் புதைபடிவப் படுகைகளும் இடம்பெறுகின்றன. 2022-இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது இந்தப் பிரிவில்தான்.

சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. பலர் தகவல் உரிமைச் சட்டப் பதிலுக்காகக் காத்திருந்தே கெடுவைத் தவறவிடுகிறார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி இணையதளமான பரிவேஷில் ஆணை ஏறிய அன்றே இறக்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.