தொய்வா, அளவா, பாரமா? மார்பக அறுவை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, "டாக்டர், நான் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா?" என்றே தொடங்குகின்றன. (இம்ப்ளான்ட் என்பது அளவைக் கூட்ட மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கான் பை.) அறுவையின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் காரணத்தைச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. உங்களை உறுத்துவது தொய்வா, அளவா, பாரமா? அதைச் சொல்லுங்கள். எந்த அறுவை என்பது அதிலிருந்துதான் வரும்.

வயது 34, இரண்டு குழந்தைகள். சின்னவன் பால் மறந்து ஒரு வருடமாகிறது. மார்பு தொங்கிவிட்டது. இம்ப்ளான்ட் வைத்தால் நிமிர்ந்துவிடும் என்கிறாள் தோழி. பால் கொடுத்ததால்தான் இப்படி ஆனதா? (வாசகி, ஈரோடு)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. கர்ப்பத்தில் மார்பகம் பெரிதாகும்போதே தோல் விரிந்துவிடுகிறது. பிறகு உள்ளே இருக்கும் சுரப்பி சுருங்குகிறது, விரிந்த தோல் அப்படியே நிற்கிறது. பால் கொடுக்காத தாய்மாருக்கும் இதுதான் நடக்கும். அந்தக் குற்ற உணர்வை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். பிரா இல்லாமல் கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். மார்பகம் நெஞ்சோடு சேரும் அடிமடிப்பில் ஒரு ஸ்கேலைப் படுக்கைவசமாக வையுங்கள். காம்பு ஸ்கேலுக்கு மேலே இருந்தால் தொய்வு அதிகமில்லை. மேல்பகுதி மட்டும் காலியாகத் தெரிகிறது என்றால் சின்ன இம்ப்ளான்ட் அந்த இடத்தை நிரப்பிவிடலாம். காம்பு ஸ்கேலுக்கு நேராகவோ கீழேயோ இருந்தால் உங்களுக்கு வேண்டியது தூக்கி அமைக்கும் அறுவை, அதாவது மாஸ்டோபெக்ஸி. அந்த நிலையில் வெறும் இம்ப்ளான்ட் வைப்பது, தளர்ந்த பையில் கனமான பொருளைப் போடுவது போலத்தான். சில வருடங்களில் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

தூக்கி அமைப்பதில் காம்பை வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை. கீழே உள்ள சதையோடும் ரத்த ஓட்டத்தோடும் சேர்த்தே மேலே நகர்த்துகிறோம். அதிகப்படித் தோலை மட்டும் நீக்குகிறோம். இதற்கான விலை தழும்பு. தொய்வு குறைவென்றால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் இருக்கும். கூடுதலென்றால் அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு வரும். இன்னும் அதிகமென்றால் அடிமடிப்பிலும் ஒரு கோடு. ஒரு வருடத்தில் மங்கும், ஆனால் மறையாது. தழும்பே இல்லாமல் தூக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். அடுத்த கர்ப்பம் இந்த வேலையைக் கலைத்துவிடும்.

வயது 24. எனக்கு மார்பு மிகச் சிறியது. சிலிக்கான் நல்லதா, சொந்தக் கொழுப்பா? (வாசகி, சென்னை)

வயிற்றிலோ தொடையிலோ எடுக்கப் போதுமான கொழுப்பு இருந்து, பிராவில் ஒரு கப் அளவு கூடினால் போதும் என்றால் கொழுப்பு நல்ல வழி. ஊசித் துளைதான் தழும்பு. ஆனால் வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும், இரண்டாவது முறை தேவைப்படலாம். ஒல்லியானவர்களுக்கு எடுக்கவே எதுவும் இருக்காது.

அதற்கு மேல் அளவு வேண்டுமென்றால் இம்ப்ளான்ட். சிலிக்கான் இம்ப்ளான்ட் முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். இத்தனை காலம் ஆகியும் அது ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் ஆகவில்லை. சுற்றி உடல் கட்டும் உறை சிலருக்கு இறுகிக் கல்லாகும், சிலருக்கு இம்ப்ளான்டே உள்ளே கிழியும். கிழிந்தது வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது. 24 வயதில் வைத்தால் வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவைத் தேர்ந்தெடுக்க: 300 சி.சி., அதாவது 300 மில்லி, என்பது இரண்டு ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு அரிசியை மெல்லிய காலுறையில் கட்டி, கொஞ்சம் பெரிய பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்து பாருங்கள். படியேறுங்கள், குனிந்து கூட்டுங்கள். 350 கேட்டு வந்தவர்கள் இதைச் செய்துவிட்டு 250க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

வயது 28, திருமணமாகவில்லை. மார்பு மிகப் பெரியது. கழுத்து வலி, தோள் வலி. குறைக்கும் அறுவை செய்யலாமா என்றால், "பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது, கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் அம்மா. (வாசகி, திருநெல்வேலி)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைப் போன்றவர்கள் ஓ.பி.யில் துப்பட்டாவை விலக்கும்போதே தெரியும், பிரா பட்டை தோளில் பதித்த பள்ளம். சிலருக்கு அதில் என் சுண்டுவிரலே அடங்கும். அடிமடிப்பில் வியர்வை தேங்கிப் படை வந்து, கைக்குட்டையை மடித்துச் சொருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இதை 'அழகுக்காக' என்று வீட்டில் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இது வலிக்கான சிகிச்சை.

பால் விஷயம்: காம்பையும் அதற்கு வரும் பால் குழாய்களையும் நரம்புகளையும் ஒரு சதைத் தண்டோடு விட்டுவைத்துத்தான் சுற்றியிருப்பதைக் குறைக்கிறோம். பலரால் பிறகு பால் கொடுக்க முடிகிறது. சிலருக்குப் போதாமல் போகலாம், முழு உத்தரவாதம் தர முடியாது. மிகப் பெரிய மார்பகத்தில் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட வேண்டி வந்தால் மட்டும் பால் கொடுக்க முடியாது. "காம்பு தண்டோடு இருக்குமா?" என்று உங்கள் சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். காம்பின் உணர்ச்சி குறையக்கூடும், நங்கூர வடிவில் தழும்பும் இருக்கும்.

அம்மாவை அடுத்த முறை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். தோள் பள்ளத்தை டாக்டர் காட்டட்டும். எடை குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் குறைத்து, ஆறு மாதம் நிலையாக வைத்திருந்து அப்புறம் செய்யுங்கள்.

ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. வயது 17. (வாசகி, தஞ்சாவூர்)

சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு அதிகம் என்றாலும் வளர்ச்சி நிற்கும் வரை பொறுங்கள். அதுவரை சிறிய பக்கத்து பிராவில் பஞ்சுப் பேட் வைக்கலாம். பிறகு பெரியதைக் குறைப்பதா, சிறியதைக் கூட்டுவதா என்று பார்க்கலாம். முடிந்தால் குறைப்பதே என் விருப்பம், உள்ளே அந்நியப் பொருள் இருக்காது.

கிரீம், மசாஜ், பம்ப் எதாவது பலன் தருமா? (பெயர் வேண்டாம்)

தராது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு வயது 15. மார்பு பெண்பிள்ளை போல இருக்கிறது என்று நீச்சலுக்கே போவதில்லை. (ஒரு தாய், கோவை)

பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் காம்புக்கு அடியில் சுரப்பி வளர்வது சகஜம். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நின்றால் அறுவை செய்யலாம். கொழுப்பு மட்டும் என்றால் அதை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் போதும். விரலால் அழுத்தினால் ரப்பர் வில்லை போலத் தட்டுப்படுகிறது என்றால் சுரப்பியையும் எடுக்க வேண்டும். அதற்குமுன் ஒரு ஹார்மோன் பரிசோதனை. அதுவரை தளர்வான சட்டை, வீட்டில் கேலி கூடாது.

ஆறு வருடம் முன்பு இம்ப்ளான்ட் வைத்தேன். அதனால் புற்றுநோய் வருமாமே? எடுத்துவிடவா? (வாசகி, சிங்கப்பூர்)

சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்டைச் சுற்றிய உறையில், அரிதாக, லிம்போமா என்ற ஒரு வகைப் புற்றுநோய் வருகிறது. அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது அதனால்தான். உங்களுக்கு வைத்தபோது தந்த அட்டையில் வகை எழுதியிருக்கும், தேடி எடுங்கள். வீக்கம், கட்டி, வலி எதுவும் இல்லையென்றால் பயத்தில் எடுக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் திடீரென வீங்கினால் அன்றே சர்ஜனைப் பாருங்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

காப்பீடு கிடைக்குமா? வசதி இல்லாதவர்கள் எங்கே போவது? (வாசகி, விழுப்புரம்)

அழகுக்கு என்றால் காப்பீடு கிடையாது. குறைக்கும் அறுவைக்கு, மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். தோல் டாக்டரின் சீட்டு, கழுத்து வலிக்குப் பார்த்த சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போகலாம். சென்னை ஸ்டான்லியில் 2018இல் இந்த அறுவைகளை இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். தனியாரிடம் போனால் போர்டில் 'காஸ்மெட்டிக்' என்று இருப்பதை நம்பாதீர்கள். எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் படுக்காதீர்கள்.