அடியில் எழுதிய எண் – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஃபிராங்க்ளின் சுரங்கத்திலிருந்து வந்த, புற ஊதா விளக்கில் ஒளிரும் கற்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அங்கேயே இருக்கும் அண்ணன் மகனை நச்சரித்து, இணைய ஏலத்தில் ஒரு கல்லை எடுக்கவைத்தேன். போன மாதம் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு. வெள்ளைக் கல்லில் கறுப்பு மணிகள், இடையிடையே பழுப்பு. கள்ள நோட்டு பார்க்கிற யூ.வி. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் ஒளிரவில்லை. எண்பது டாலரைக் கல்லில் போட்டவன் என்று வீட்டில் இப்போது எனக்குப் பெயர்.

கூடவே அழுக்கேறிய ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. கல்லின் அடியில் யாரோ வெள்ளைப் பெயின்ட் வைத்து ஓர் எண் எழுதியிருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கல்லைக் கழுவலாமா? இன்னொரு சந்தேகம். சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் ஆகியும் கல் எங்கிருந்து விற்பனைக்கு வருகிறது? திருட்டுச் சரக்கோ?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தப் பெயின்ட்டில் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் ஏமாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோளாறு டார்ச்சில். நோட்டு பார்க்கிற விளக்கு தருவது நீள் அலைப் புற ஊதாக் கதிர், 365 அல்லது 395 நானோமீட்டர். ஃபிராங்க்ளின் கற்களில் பெரும்பாலானவை கேட்பது குறுகிய அலை, அதாவது குற்றலை, 254 நானோமீட்டர். அந்த வெள்ளைக் கல் கால்சைட். அதில் சிவப்பாக ஒளிர்வது மாங்கனீஸ் அணு. ஆனால் மாங்கனீஸுக்கு அந்தக் கதிரை நேராக வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் கிடையாது. கூடவே துளி ஈயம் கலந்திருக்கிறது. ஈயம் வாங்கி மாங்கனீஸிடம் கொடுக்கிறது, மாங்கனீஸ் ஒளிர்கிறது. ஈயத்துக்கு எட்டாத கதிரை நீங்கள் எவ்வளவு நேரம் அடித்தாலும் கல் கல்லாகவே இருக்கும். பழுப்பாக இருப்பது வில்லமைட் என்ற துத்தநாகத் தாதுவாக இருந்தால் டார்ச்சுக்கே கொஞ்சம் மங்கலாகப் பச்சை காட்டலாம். குற்றலையில் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும்.

யாராவது தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினில் இருக்கும் யூ.வி. குழாயைக் கழற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அதுவும் 254தான், உண்மை. ஆனால் எஃகு உறைக்குள் அடைத்து வைத்திருப்பது காரணத்தோடுதான். வெளியே எடுத்தால் கண்ணைக் கெடுத்துக்கொள்வீர்கள். வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய குற்றலை விளக்கு தாதுக் கல் சேகரிப்பவர்களுக்கென்றே கிடைக்கிறது. கல்லுக்குக் கொடுத்ததைவிட அதிகம் கேட்பார்கள், வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் ஷோகேஸுக்கு வெளியே நின்று விளக்கை அடித்துவிட்டு மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

அதுவரைக்கும் ஒரு சோதனை செய்யலாம். சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கறுப்பு மணிக்கு அருகில் கொண்டுபோங்கள். காந்தம் லேசாகச் சாய்ந்தால் அது ஃபிராங்க்ளினைட்டாக இருக்க வாய்ப்புண்டு. கறுப்பு ஃபிராங்க்ளினைட், பழுப்போ பச்சையோ ஆன வில்லமைட், சிவப்பு சிங்கைட், எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும் வெள்ளைக் கால்சைட் என்ற இந்தக் கூட்டணிதான் அந்த ஊரின் கையெழுத்து.

ஊர் என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். சுரங்கங்கள் இரண்டு, சில மைல் இடைவெளியில். ஃபிராங்க்ளின் சுரங்கம் 1954இல் மூடப்பட்டது. பக்கத்து ஆக்டன்ஸ்பர்க்கில் உள்ள ஸ்டெர்லிங் ஹில் 1986 வரை ஓடியது. இரண்டும் துத்தநாகச் சுரங்கங்கள். இரண்டிலுமாக 350க்கு மேற்பட்ட தாது வகைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 90 ஒளிர்பவை. ஸ்டெர்லிங் ஹில் 1990இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கீழ்த்தளங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன, மேல்தளத்தில் நடக்கலாம். வழிகாட்டி விளக்கை அணைத்து புற ஊதா விளக்கைப் போடும் இடம் ஒன்று உண்டு. ஒரு நொடி முன்புவரை சிமென்ட் சுவர் மாதிரி இருந்த பாறை முழுக்கப் பச்சையும் அடுப்புத் தணல் சிவப்பும். என்னோடு வந்த பையன் சுவரைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டான், ஒட்டியிருக்கிறதா என்று.

இந்த ஒளிர்வு அந்தக் காலத்து வேடிக்கை மட்டுமல்ல. தாதுவைப் பிரித்தெடுக்கும் ஆலையில் இரும்பு முனைகளுக்கு இடையே மின்பொறி தட்டவிட்டு, அந்த வெளிச்சத்தில் கழிவைப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் வில்லமைட் தப்பிப் போகிறது, அதாவது கம்பெனிக்கு நஷ்டம்.

இனி உங்கள் திருட்டுக் கேள்வி. சுரங்கத் தொழிலாளிகள் நல்ல கல் கண்ணில் பட்டால் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கணக்குப்படி அது கம்பெனிச் சொத்துதான். ஆனால் கம்பெனியிடம் விட்டிருந்தால் அந்தக் கல்லை அரைத்துத் துத்தநாகம் எடுத்து, எந்த வீட்டுச் சுவரிலோ வெள்ளைப் பெயின்ட்டாகப் பூசியிருப்பார்கள். நான் நீதிபதியாக இருந்தால் எல்லாச் சாப்பாட்டுப் பெட்டிகளையும் விடுதலை செய்துவிடுவேன். அந்தப் பெட்டிகளிலிருந்து கற்கள் சேகரிப்பாளர்களிடம் போயின. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் அப்படி ஒரு சேகரிப்பாளர். அவரிடம் 16,000 மாதிரிகள் இருந்தன. அவர் இறந்த வருடம், 1926இல், அவை வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஃபிராங்க்ளினில் கிடைத்த ஒரு தாதுவுக்கு ரோப்லிங்கைட் என்றே பெயர்.

சுரங்கம் மூடிய பிறகு கல் கிடைக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று பழைய கழிவு மேடு. ஃபிராங்க்ளின் அருங்காட்சியகத்தை ஒட்டி பக்வீட் டம்ப் இருக்கிறது, காசு கட்டிவிட்டுப் பொறுக்கலாம். பகலில் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு விளக்கைப் பிடித்துக் கல்லைப் பார்க்க வேண்டும். வெயிலில் குப்புறக் கிடந்து நானும் செய்திருக்கிறேன். அபூர்வமான நீல ஒளி ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்தவே கத்தினேன். என் கைக்குட்டையிலிருந்து உதிர்ந்த பஞ்சு. சலவைப் பவுடரின் மகிமை.

இன்னொரு இடம், இறந்துபோன சேகரிப்பாளர்களின் வீடுகள். இன்று நல்ல கல் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது நிலவறையிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வெளியே வரும். உங்கள் கல்லும் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த வெள்ளைப் பெயின்ட் சொல்கிறது.

அந்தப் பெயின்ட் அழுக்கல்ல. பழைய சேகரிப்பாளர்கள் கல்லின் கண்ணுக்குப் படாத பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளை வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதுவார்கள். அதே எண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். எந்தச் சுரங்கம், எந்தத் தளம், யாரிடம் வாங்கியது, என்றைக்கு எல்லாம் அதில். எனக்கு இது தெரியாத காலத்தில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஓரிடத்தில் பெட்டியோடு பதினோரு கற்கள் வாங்கினேன். தூசியாக இருக்கிறதே என்று இரவு முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்த்தபோது பொட்டுகள் பொருக்காக உரிந்து வந்தன. எவ்வளவு சுத்தமாக்குகிறேன் என்ற பெருமை வேறு. கற்களைத் துடைத்து அடுக்கிய பிறகு பெட்டியின் அடியில் அட்டை போட்ட நோட்டு கிடைத்தது. ஒன்று முதல் பதினொன்று வரை நேர்த்தியான கையெழுத்து. எது மூன்று, எது எட்டு என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரே மாதிரி வெள்ளையும் கறுப்புமாக அலமாரியில் இருக்கின்றன. விற்கப் போனால் ஒன்றாகச் சேர்த்து எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

சுரங்கம் திறந்திருந்தால் பரவாயில்லை, இன்னொன்று வெட்டலாம். மூடிய சுரங்கத்துக் கல்லில் பாதி மதிப்பு இடத்தின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கல் சொல்லாது, சீட்டுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஏதாவது வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சிங்கைட் என்ற பெயரில் கண்ணாடி போலத் தெளிந்த, ஆரஞ்சும் பச்சையுமான பெரிய படிகங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அவை போலந்தில் துத்தநாக ஆலைப் புகைபோக்கிகளில் தற்செயலாகப் படிந்து வளர்ந்தவை. அழகுதான், ஆனால் பூமி செய்ததல்ல. ஃபிராங்க்ளின் சிங்கைட் பெரும்பாலும் கால்சைட்டில் பதிந்த செங்கல் சிவப்பு மணிகளாகத்தான் வரும். முழுப் படிகம் மிக அபூர்வம்.

உங்கள் சீட்டை வெயில் படாமல் வையுங்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு நேரே கல்லின் படத்தையும் ஒட்டி நீங்களே ஒரு நோட்டு தொடங்குங்கள். பழைய சீட்டை எறியாமல் உங்கள் சீட்டை அதன் கீழே வையுங்கள், அடுத்தவர் அவருடையதை வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். 1913இல் ஃபிராங்க்ளின் தனி நகராட்சியாகும் வரை அந்த ஊரை ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் என்றுதான் அழைத்தார்கள். பழக்கத்தால் பின்னாலும் சிலர் அப்படி எழுதியதுண்டு. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்தால், அவ்வளவு பழைய சீட்டோ என்று சேகரிப்பாளர்களுக்குக் கை நடுங்கும். சீட்டில் ஃபிராங்க்ளினுக்குப் பிறகு ‘ஃபர்னஸ்’ என்று ஏதாவது தெரிகிறதா? மங்கியிருந்தால் சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.