அளறு: சேறா, நரகமா?

கேள்வி: திருக்குறளில் வரும் 'அளறு' என்ற சொல்லுக்கு உரைகள் நரகம் என்கின்றன, அகராதியோ சேறு என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. சேறு என்பதே முதற்பொருள். 'அள்ளற் பழனம்' என்று முத்தொள்ளாயிரம் சேற்று வயலைச் சொல்கிறதல்லவா, அந்த 'அள்ளல்' இதற்கு உறவுச் சொல். காலை எடுக்க முயலும்தோறும் இன்னும் ஆழத்துக்கு இழுக்கும் குழைசேற்றின் இயல்பே நரகத்துக்குப் பெயராயிற்று.

வள்ளுவர் இந்த வேரை மறக்கவில்லை என்பதற்கு அவர் சேர்த்துவைக்கும் வினைகளே சான்று: பேதை 'தான்புக்கு அழுந்தும் அளறு' (835), பூரியர்கள், அதாவது கீழ்மக்கள், 'ஆழும் அளறு' (919). அழுந்துவதும் ஆழ்வதும் சேற்றில் நிகழ்பவை. இங்கே நெருப்பு இல்லை. 255ஆம் குறளில் மட்டும் படிமம் மாறுகிறது: ஊன் உண்டவனை விழுங்கிய அளறு, அவனை வெளியே விட 'அண்ணாத்தல் செய்யாது', அதாவது வாய் திறக்காது. சேறு கவ்விய காலை விடாதிருப்பதை ஒரு முறையாவது உணர்ந்தவர்க்கு இந்த வரி நடுக்கம் தரும்.

நரகத்துக்கு வழங்கும் இன்னொரு சொல்லான 'நிரயம்' வடசொல்; அதுவும் பழையதே, புறநானூற்றின் 5ஆம் பாட்டில் உள்ளது. ஆயினும், வயலில் நின்றவர் கண்ட நரகம் என்பதால் 'அளறு' எனக்கு மேலும் அருமையான சொல். உரை எழுதுவோர் அதை 'நரகம்' என்று மட்டும் பெயர்த்து நகர்ந்துவிடாமல், சேற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.