ஆற்றங்கரை நடை: கேள்வியும் பதிலும்

மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பாமணி ஆற்றங்கரையில் விடிகாலையில் நடக்கிறேன்; இது எட்டாவது வருடம். வெளியில் நடப்பது பற்றியும், மண்ணோடும் தண்ணீரோடும் பழகினால் நமக்குள் என்ன மாறும் என்பது பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

டீச்சர், பத்து வருடம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் ஊருக்கு வந்துவிட்டதுபோலத் தோன்றவில்லை. எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டில் எது பக்கமோ அதன் கரையில் ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த ஒரு கிலோமீட்டர் போதும். வாரம் ஓர் இடம் என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் உங்களுக்குப் பழகாது.

வருடத்தை ஜனவரியில் தொடங்காதீர்கள். தண்ணீர் வருகிற நாளில் தொடங்குங்கள். மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்காகத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தள்ளிப்போன வருடங்களும் உண்டு; 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து உங்கள் கரையைத் தொட மேலும் சில நாள் ஆகும். அந்தக் காலையைத் தவறவிடாதீர்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை. காய்ந்த மணல்மேல் பாய் விரிப்பதுபோல மெல்ல விரிந்து வருகிறது. முன்விளிம்பில் பழுப்பு நுரையும் பூவரசுச் சருகும் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலில் உள்ள பொந்துகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது மளமளவென்று குமிழ் கிளம்பும். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடும். நாலைந்து மடையான் கொக்குகள் அந்த விளிம்போடு கூடவே நடந்து, வெளியே வரும் பூச்சிகளைக் கொத்தும். தண்ணீர் நடக்கும் வேகமும் என் வேகமும் அன்று ஒன்றாக இருந்தன. அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நடந்தேன். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு 58 வயதில்தான் அதைப் பார்க்க வாய்த்தது.

அதன் பிறகு நாற்றங்கால், நடவு, ஆடிப்பெருக்கு, ஐப்பசி அடைமழை, மார்கழிப் பனி, தை அறுவடை என்று கரையே உங்களுக்குக் காலம் சொல்லும். சம்பா அறுப்புக்கு முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிப்பார்கள். நெல்லை அறுத்த சில நாளில் தாளுக்கு நடுவே இரண்டிரண்டு இலையாக உளுந்து எழுந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்கிற அன்று நீங்கள் ஊருக்கு வந்துவிட்டதை உணர்வீர்கள்.

எனக்கு 56 வயது. சர்க்கரையும் மூட்டு வலியும் இருக்கின்றன. வெறுங்காலில் மண்ணில் நடந்தால் நல்லது என்கிறார்களே?

வேண்டாம் அம்மா. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; முள் குத்தினால்கூடத் தெரியாது. பித்தவெடிப்போடு சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் ஆபத்தும் உண்டு. மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தார்ச் சாலையைவிடக் கரையின் இறுகிய மண் மூட்டுக்கு இதமாக இருக்கும். உதிரி மணல் கூடாது, அது காலை இழுக்கும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அந்தக் கணக்கை எட்ட ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. நான் முதல் மாதமே ஒரு மணி நேரம் வேகமாக நடந்து, முட்டி வீங்கி, மூன்று வாரம் படியிறங்க முடியாமல் கிடந்தேன். மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாம்பு பயம் போகமாட்டேன் என்கிறது, டீச்சர்.

பயம் இருக்கட்டும், நமக்கு வேண்டியது எச்சரிக்கை. நன்றாக விடிந்த பிறகு நடங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரப்பில் இருக்கும். கையில் ஒரு குச்சி, தரையில் தட்டிக்கொண்டே நடை, புல் அடர்ந்த இடத்தில் காலை வைக்கும் முன் ஒரு பார்வை. தண்ணீரில் நெளியும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புகள். எதையும் அடிக்காதீர்கள், விலகி நின்றால் அது தன் வழியில் போய்விடும்.

ஒருவேளை கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, ஓடக்கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். மந்திரிக்கிற இடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட இழக்காதீர்கள்.

பெண் தனியாகக் கரையில் நடந்தால் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா?

முதல் மாதம் “எங்கே போறீங்க?” என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவரிடமும் நின்று “நடக்கத்தான் போகிறேன்” என்று சொன்னேன். மூன்றாவது மாதம் அதே ஆட்கள் “நேற்று காணோமே?” என்று விசாரித்தார்கள். ஒரே நேரம், ஒரே பாதை என்று வைத்துக்கொண்டால் கரை முழுவதும் தெரிந்த முகங்கள் ஆகிவிடும். ஆனாலும் ஆள் நடமாட்டமே இல்லாத படுகைப் பக்கம் தனியே போகாதீர்கள். இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனம் ஏதோ சரியில்லை என்று சொன்னால் உடனே திரும்பிவிடுங்கள். அன்றைய நடை போனால் போகட்டும்.

நடவுக்கும் களைக்கும் போகிறவள் நான். என் மகள் இதைப் படித்துக் காட்டினாள். நாள் முழுதும் சேற்றில் நிற்கிற எங்களையும் இயற்கையோடு நடக்கச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன் அம்மா. உங்கள் உடம்புக்கு நடையைவிட ஓய்வுதான் முதலில் தேவை. நாள் முழுதும் குனிந்த முதுகை மாலையில் கட்டாந்தரையில் பாய் விரித்துப் பத்து நிமிடம் நேராகக் கிடத்துங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டால் இடுப்பு இறங்கி அமரும். கை கால் சேற்றுப்புண்ணைக் காயவிடுங்கள்.

மற்றபடி, இந்தப் பேச்சில் நாங்கள்தான் உங்களிடம் கற்க வேண்டியவர்கள். ஒரு நாள் வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை நிறுத்தி, என் காலடியில் இருந்த ஒரு துளையைக் காட்டினார். சுற்றிலும் கோலிக்குண்டு கோலிக்குண்டாக ஈரமண் உருண்டைகள். “நண்டு வளை. மண் இன்னும் காயவில்லை பாருங்கள், ராத்திரி தோண்டியது. விட்டால் விடியும்முன் வயல் தண்ணீர் முழுக்க அடுத்த வயலில் நிற்கும்” என்றார். ஒரு பிடி வைக்கோலைச் சேற்றில் புரட்டி உள்ளே திணித்துக் குதிகாலால் மிதித்து மூடினார். அப்படிப்பட்ட துளைகளை நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். பார்த்ததே இல்லை.

நடக்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். வரப்பு இன்னொருவரின் உழைப்பு. புதிதாக அணைத்த வரப்பில் கால் வைக்காதீர்கள். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தலைச்சுமையோடு எதிரே வருபவருக்கு இறங்கி வழி விடுங்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் போனை விட்டு எழுவதில்லை. கோடையில் ஆறும் வறண்டு கிடக்கிறது. வெளியே என்ன இருக்கிறது என்கிறான்.

வறண்ட ஆறுதான் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம். காலை ஆறு மணிக்கு அழைத்துப்போய் மணலில் ஊற்றுத் தோண்டச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழத்தில் ஈரம் தட்டுகிறது, எவ்வளவில் தண்ணீர் கசிகிறது என்று அவனே அளக்கட்டும். மணல் அள்ளிய இடங்களில் கசியாமலும் போகலாம். ஏன் என்று அவன் கேட்பான், உண்மையைச் சொல்லுங்கள்.

தரிசு வயலில் ஆட்காட்டிக் குருவி கத்தினால் நின்றுவிடுங்கள். அதன் முட்டை தரையில்தான் இருக்கும், கூடு என்று ஒன்று கிடையாது. மண்ணாங்கட்டி நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டை. கண்ணெதிரே இருந்தும் தெரியாது. தூரத்திலிருந்தே அவனைத் தேடச் சொல்லுங்கள், பக்கத்தில் போகவேண்டாம். ஒன்பது மணிக்குமுன் வீடு திரும்பிவிடுங்கள். கத்திரி வெயில் பொல்லாதது.

ஆற்றில் நீச்சல் பழகலாமா?

தண்ணீர் வந்த புதிதில் கூடாது. கோடையில் மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடியில் ஆள் மூழ்கிவிடும். கொள்ளிடத்தில் இது இன்னும் அதிகம். மதகு, தடுப்பணைப் பக்கம் சுழல் இழுக்கும். என்னிடம் படித்த ஒரு பையனை அப்படி இழந்தோம். பள்ளி மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிற பிள்ளை. ஊர்ப் பெரியவர்கள் குளிக்கிற படித்துறையில், நீந்தத் தெரிந்தவர் தண்ணீருக்குள் நிற்க, இடுப்பளவுக்கு மேல் போகாமல் பழகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக ஓர் இடம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பறவைகள் பார்க்க வடுவூர் ஏரிக்கரை. ஒரு முழு நாள் கிடைத்தால் கோடியக்கரை. வெளிமானும், அந்தப் பருவத்தில் பூநாரையும் பார்க்கலாம். சித்திரையில் ஏழு ஊர்க் கோயில்களைச் சுற்றி வரும் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கோடு ஒரு ஊர் தூரமாவது நடந்து பாருங்கள்.

டீச்சர், அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. நடந்தால் மனம் ஆறுமா?

நடை துக்கத்தைப் போக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. என் அம்மா இறந்த வருடம் நான் அழுதுகொண்டேதான் நடந்தேன். வீட்டில் அழுதால் எல்லோரும் வந்து தேற்றுவார்கள். கரையில் அழ இடம் இருந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில், கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி கூட்டுக்கு நார் இழுத்துக்கொண்டு வருவதை நின்று பார்த்தேன். வீடு வந்தபோது அன்று முழு டம்ளர் காபி குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியில்லை என்றால் நடையோடு நிறுத்தாதீர்கள், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்த வருடம் தண்ணீர் வரும் நாளில் உங்களோடு நடக்க வரலாமா?

தாராளமாக வாருங்கள். கல்லணை திறந்த செய்தி வந்ததும் தயாராகிவிடுங்கள். மூடிய ஷூ, ஒரு குச்சி, தண்ணீர் பாட்டில். காலை ஐந்தே முக்காலுக்கு பாமணிப் பாலத்தின் மேற்குப் பக்கம் நிற்பேன். சின்னப் பிள்ளைகளை அழைத்து வந்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு பெரியவர் வேண்டும்.