கிங்பின் மாற்றிய பிறகு ஸ்டியரிங் திரும்பி வராவிட்டால்

கேள்வி: அப்பா காலத்து பிரீமியர் பத்மினியில் முன்பக்கக் கிங்பின் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு முளை), சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு) அனைத்தையும் புதிதாக மாற்றினேன். அதன்பின் ஸ்டியரிங் கனக்கிறது. வளைவு முடிந்தும் தானாகத் திரும்பி வருவதில்லை. வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது. நாகர்கோவில் சாலையில் இடப்பக்கம் இழுக்கிறது. ஒரு டை ராட் எண்டில், நட்டை மரை தீரும்வரை முறுக்கியும் ஆட்டம் போகவில்லை. வீல் அலைன்மென்ட் பார்த்தும் பயனில்லை. இனி எதை மாற்றுவது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் டை ராட் எண்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்க வேண்டாம். எண்டின் கூம்புத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் கையான ஸ்டியரிங் ஆர்மின் கூம்புத் துளைக்குள் சுற்றிலும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். அதை இழுத்து உட்கார வைப்பது மட்டுமே நட்டின் வேலை. மரை தீர்ந்தும் ஆடுகிறதென்றால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு வண்டியின் எண்ட் வந்திருக்கலாம், அல்லது நெடுநாள் லூஸாக ஓடித் துளை விரிந்திருக்கலாம். லேத் பட்டறையில் தொடுதடம் பார்க்கப் பூசும் நீல மையைத் தண்டில் மெலிதாகத் தடவி, துளைக்குள் கையால் அழுத்திச் சற்றே திருப்பி எடுத்துப் பாருங்கள். ஒரு விளிம்பில் மட்டும் வளையமாக மை அழிந்திருந்தால் கூம்பின் சரிவு பொருந்தவில்லை என்று பொருள். கழற்றிய பழைய எண்டையும் அதே துளையில் இப்படிச் சோதியுங்கள். அது முழுநீளமும் சீராகப் படிந்து இறுகினால் ஆர்மில் குறை இல்லை, வாங்கிய பொருளே தவறானது. வாஷர் வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நட்டு இறுகுமே தவிர கூம்பு இறுகாது. தண்டு ஆடி ஆடி ஒடிந்தால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னின் துளை நேருக்கு வராதபோதும் நட்டை மேலும் முறுக்கித்தான் பொருத்த வேண்டும். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது.

கனமும் திரும்பாமையும் எங்கிருந்து வருகின்றன என்பதை ஊகிக்கத் தேவையில்லை. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இரு பக்கமும் டை ராட் எண்டை ஸ்டியரிங் ஆர்மிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். பிடித்துப் பிடித்துத் திரும்பினால் குறை கிங்பின்னில் இருக்கிறது. கிங்பின் சுழலும் உலோக புஷ்ஷை அடித்து இறக்கும்போது அதன் உள்துளை சற்றே சுருங்கும். எனவே மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில், ஒரே நீள ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குக் கடையும் கருவி) கடைந்தாக வேண்டும். தனித்தனியே கடைந்தால் கிங்பின் ஒவ்வொன்றிலும் எளிதாக நுழையும். இரண்டிலும் சேர்த்து நுழைக்கும்போது இறுகிவிடும். உப்புத்தாளால் தேய்த்துச் சரிக்கட்டுவது சீரான துளையைத் தராது. புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளுக்கு (கிரீஸ் அடிக்கும் முனை) நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் புஷ்ஷின் ஓரங்களில் புதிதாகப் பிதுங்கி வர வேண்டும்.

இரு சக்கரங்களும் இலகுவாகத் திரும்பினால், கழற்றிய நிலையிலேயே ஸ்டியரிங் வீலைச் சுற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் இறுகினால் ஸ்டியரிங் பாக்ஸை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாக்ஸ் நேர்நிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும். ஸ்டியரிங்கை ஓரத்துக்குத் திருப்பி வைத்து ஆட்டத்தை எடுத்தவர் நடுவைப் பூட்டிவிடுகிறார். எல்லா நிலையிலும் கனத்தால் ஐட்லர் ஆர்மை (ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் கை) தனியே கழற்றிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் உயர்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் நட்டுகளை இறுக்கியிருப்பார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபடுவதால், வண்டி தரையில் இறங்கும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். விரைவில் கிழிந்தும் போகும். நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைச் சிலமுறை அமுக்கி விட்டு, சக்கரங்கள் எடையைச் சுமந்திருக்கும் நிலையிலேயே இறுக்குங்கள்.

இடப்பக்கம் இழுப்பதைக் கடைசியில் பார்க்கலாம். நம் சாலைகள் நீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் ஓடும் எந்த வண்டியும் சற்று இடப்புறம் நாடும். அதோடு, ஆனி, ஆடியில் பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே மேற்குக் காற்று நாகர்கோவில் போகும் வண்டியை வலப்புறத்திலிருந்து தள்ளுகிறது. அந்தச் சாலையை வைத்து வண்டியைக் குறை சொல்ல முடியாது. காற்றில்லாத காலையில், சமமான சாலையில், இரு முன் டயர்களிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பியபின் இடப்பக்கமும், வலப்பக்கம் திரும்பியபின் வலப்பக்கமும் நாடினால் அது இறுக்கத்தின் அடையாளம். எந்த அலைன்மென்ட் இயந்திரமும் அதைத் தீர்க்காது. எப்போதும் இடப்பக்கமே இழுத்தால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி முன் பிரேக் டிரம்களைத் தொட்டுப் பார்த்து, இடப்பக்கம் மட்டும் சுடுகிறதா என்று கவனியுங்கள். சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை அனைத்தும் முடிந்தபிறகே அலைன்மென்டுக்குக் கொண்டுபோங்கள். ஸ்டியரிங் பாக்ஸை நடுநிலையில் நிறுத்தி, இரு பக்க டை ராடுகளையும் சம அளவில் திருப்பிச் சரிசெய்யச் சொல்லி, அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும், பாக்ஸும் நடுவை விட்டு விலகியே வேலை செய்யும்.