டிஸ்டார்ஷன் பெடல்: பேண்டில் உறுமுகிறது, வீட்டில் இரைகிறது

கேள்வி: அம்பத்தூரில் அடுக்குமாடி வீடு. ஸ்ட்ராட் வகை கிடாரும் 10 வாட் பயிற்சி ஆம்பும் (ஒலிபெருக்கி) வைத்திருக்கிறேன். நண்பனிடம் இருக்கும், கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 பெடல் அவன் பேண்டில் அருமையாக ஒலிக்கிறது. அதையே வாங்கிவந்து வீட்டில் மாட்டினால் வண்டு இரைவது போல இருக்கிறது. வேறு எந்தப் பெடல் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டிஎஸ்-1 1978-இலிருந்து விற்பனையில் இருக்கிற பெடல். கோளாறு அதில் இருக்க வாய்ப்பு குறைவு.

டிஸ்டார்ஷன் பெடல் கிடார் சிக்னலின் உச்சிகளை டையோடுகளால் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட சிக்னலில் புதிதாக நிறைய மேல் அதிர்வெண்கள் முளைக்கும். மேடை ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் அந்தக் கூச்சலில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும், அடிநாதத்தையும் கொடுக்கும். உங்கள் சின்ன ஸ்பீக்கரில் அடிநாதம் குறைவு. அக்கம்பக்கத்துக்குப் பயந்து ஒலியைக் குறைத்து வாசிக்கும்போது நம் காதும் அடிநாதத்தைக் குறைவாகத்தான் வாங்கும். மிஞ்சுவது இரைச்சல்.

முதலில் ஆம்பே கரகரப்பைச் சேர்க்கும் டிரைவ் பட்டன் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் கதை அங்கேயே முடிந்துவிடும். கரகரப்பு சேர்க்காத க்ளீன் சேனலுக்கு மாற்றி, ட்ரெபிளை (மேல் அதிர்வெண்கள்) பாதிக்குக் கீழே இறக்குங்கள். பெடலில் டிஸ்டார்ஷன் குமிழைக் கடிகாரத்தின் 9 மணி நிலையில் வையுங்கள். டோனை முழுதாக இடப்பக்கம் திருப்பிவிட்டு, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெடலை அணைத்தாலும் போட்டாலும் ஒலி ஒரே அளவில் இருக்கும்படி லெவலை வைத்துக்கொண்டால்தான் தொனியை நியாயமாக ஒப்பிட முடியும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

டிஸ்டார்ஷன் குமிழை ஏற்றிக்கொண்டே போனால் மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒன்றாகிவிடும், விரலின் வேலை தெரியாது. ஒரே விரலைக் குறுக்கே அழுத்தி ஆறு தந்தியும் ஒலிக்கப் பிடிக்கும் பாரே கார்டும் கூழாகும். மூல சுரமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு தெளிவாக நிற்கும். ராக் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டிருப்பது சோம்பலால் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? சரி, ட்யூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலைப் பாருங்கள். அது மென்மையாக வெட்டும், நடு அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். கீபோர்டு, டிரம்ஸ் நடுவே கிடார் காணாமல் போகாது. கனமான ஒலி வேண்டுமென்றால் ராட் (RAT) பெடல். அதன் ஃபில்டர் குமிழ் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால் கூர்மை குறையும். பாஸ் நிறுவனத்தின் மெட்டல் ஸோனை முதல் பெடலாக வாங்கச் சொல்ல மாட்டேன், குமிழ்கள் அதிகம், கெடுத்துக்கொள்வது சுலபம். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்குப் போகும்போது உங்கள் கிடாரையே தூக்கிக்கொண்டு போங்கள். அங்கேயும் சின்ன ஆம்பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கரண்ட். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வைஃபை ரவுட்டரின் அடாப்டர் பொருந்துகிறதே என்று செருகாதீர்கள்; பலவும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். ஸ்ட்ராட் வகையில் வழக்கமாக இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும், டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கும். மின்தடையில் இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் கூடினால் பேட்டரி போட்டு வாசித்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அது செருகியே இருந்தால் பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீரும்.